மஞ்ச வட்டத்த மட்டும் ஒட்டமாட்டாரு

அந்தாளு பேர நான் எழுதப் போறதில்ல. எழுதுனா நாளைக்கு நாலு பேரு அந்தப் பேர வாய்ல சொல்லுவாக. அது எனக்குப் பிடிக்கல. மத்ததெல்லாம் எழுதுறேன். ஒண்ணு விடாம எழுதுறேன்.

ஆளு நல்ல ஒசரம். முடி ஒட்ட வெட்டியிருக்கும். சட்டப்பையில ஒரு லென்சு, ஒரு பிளேடு, மடிச்ச வெள்ளத்துணி, இந்த மூணும் எந்நேரமும் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல கோயிலுக்குப் பின்னாடி வீடு. பட்டாளத்துல டேங்க் கமாண்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வந்த பொறவு வீட்டு முன் ரூம்புல டேங்க் பொம்ம செஞ்சாரு. பொம்மன்னு சொன்னா கோவம் பொத்துக்கிட்டு வரும். "ஏட்டி, பொம்மைங்கிறது புள்ளைக வெளயாடுறது. இது மாடலு"ம்பாரு. ஒரு முழங்கை நீளம் இருக்கும். ஆசாரி மரத்துல செதுக்கித் தருவாரு, பீரங்கிக் கொழா மட்டும் பித்தள. ஆபீசருமாரு ரிட்டயர் ஆகும்போது கொடுக்கிறதுக்கு, கண்ணாடிப் பொட்டிக்குள்ள வைக்கிறதுக்குன்னு வடக்க இருந்தெல்லாம் கேட்டு லெட்டர் வரும்.

நெசமான டேங்க்ல நம்பர், அம்புக்குறி, முக்கோணம், சதுரம்னு என்னென்ன எழுதியிருக்குமோ அம்புட்டையும் இதுலயும் கடுகு சைசுல ஒட்டணும். எந்தப் பட்டாளம், எந்தக் கூட்டம், எத்தனாவது வண்டின்னு பாத்தவுடன தெரியணும். அந்த ஒட்டுற வேல என்னோடது.

நான் எட்டாப்பு வரைக்குந்தான். பொறவு ராஜபாளையத்துல ஒரு பாயோட ஸ்கிரீன் பிரிண்டிங் கடைல சேந்தேன். சைக்கிள் பாரு, கிரைண்டரு, பம்புசெட்டு மோட்டரு இதுலயெல்லாம் கம்பெனி பேரு ஒட்டியிருக்கும்ல, அந்த டிரான்ஸ்ஃபர் அடிக்கிற கடை. பச தடவுன தாள்ல அடிச்சு, மேல வார்னிஷ் இழுத்து, காயவச்சு வெட்டுவோம். தண்ணில போட்டா செத்த நேரத்துல படம் மட்டும் தாள விட்டுக் கழண்டு வழுக்கும். அத வெரலால தள்ளி எடத்துல உக்கார வச்சு பஞ்சால ஒத்தணும். ஈரமா இருக்குற வரைக்கும் எங்க வேணாலும் நகத்தலாம். காஞ்சிருச்சுன்னா சொரண்டத்தான் செய்யணும்.

அந்தாளுக்குக் கை நடுங்கும். அதனால வேலைக்கு ஆளு தேடி பாய் கடைக்கு வந்தாரு. நான் ஒட்டுறத லென்சு வச்சுப் பாத்துட்டு, "யாரு மகட்டி நீயி?"ன்னாரு. எங்கப்பா பேரச் சொன்னேன். லென்ச எடுத்துப் பையில வச்சாரு. வெளிய போயி ரோட்டப் பாத்து நின்னாரு. திரும்ப வந்து, "வாரத்துல மூணு நாளு எங்க வீட்டுக்கு வந்துரு. ஒங்கம்மாட்ட நான் பேசிக்கிடுதேன்"னாரு.

எங்கப்பா ஓட்டுன டேங்க்குக்கு அந்தாளுதான் கமாண்டரு.

எனக்கு எட்டு வயசுல அப்பா செத்தாரு. சண்டையெல்லாம் இல்ல. பஞ்சாப் பக்கம் சும்மா பயிற்சி. பாலம் ஒடஞ்சு டேங்க் தலகுப்புற கால்வாய்க்குள்ள விழுந்துருச்சு. மேல இருந்த மூணு பேரும் தப்பிச்சிட்டாக. முன்னாடி கீழ தனியா உக்காந்து ஓட்டுன எங்கப்பா மட்டும் வெளிய வரல. நிறுத்துன்னு சொல்லியும் டிரைவர் கேக்காம பாலத்துல ஏத்திட்டான், தப்பு டிரைவரோடதுன்னு விசாரணைல எழுதி முடிச்சிட்டாக. அத எங்க தெருவுக்குக் கொண்டாந்தது பட்டாளம் இல்ல. அந்தாளு வாய்தான். சாவுக்குத் துட்டி கேக்க வந்தவரு எங்க வாசல்ல நின்னு, தெரு பூரா நிக்கிற நேரத்துல, "நல்ல டிரைவருதாந்தாயி. அன்னைக்குன்னு பாத்து சொன்ன பேச்சு கேக்கல. போகட்டும், நான் மன்னிச்சிட்டேன்"னாரு.

மன்னிச்சிட்டாராம். எங்கம்மா தலையில இருந்து அப்பத்தான் பூவ எடுத்துருக்காக, அவிய அந்தாளப் பாத்துக் கும்புட்டாக.

அதுக்குப் பொறவு நான் கொழாயடிக்குப் போனா, "ஏட்டி தள்ளி நில்லு. கவர்மெண்டு டேங்க்கையே முக்குனவன் மக. என் கொடத்த மட்டும் விட்டு வச்சிருவியாக்கும்"ன்னு ஒருத்தி சொல்லுவா, மத்தவளுக சிரிப்பாளுக. அம்மா மில்லுக்குப் போயிட்டு தலயெல்லாம் பஞ்சோட வருவாக. அவியட்ட நான் சொல்ல மாட்டேன். அவியளுக்கும் யாராச்சும் சொல்லியிருப்பாக, அவியளும் எங்கிட்டச் சொன்னதில்ல. ஒரே தட்டுல சோத்த வச்சிட்டு ஆளுக்கொரு பக்கம் பாத்துத் தின்னுட்டுப் படுத்துருவோம்.

எங்கப்பாவப் பத்தி எனக்கு ஞாபகம் இருக்கிறது ரொம்பக் கொஞ்சம். லீவுல வந்தா என்னை சைக்கிள் பாருல வச்சு சுத்துவாரு. ஆளே இல்லாத சந்துல திரும்புறதுக்கும் ரெண்டு மணி அடிப்பாரு. "யாருமில்லையேப்பா"ன்னு கேட்டா, "நமக்குத் தெரியாத ஆளு அங்கிட்டு வரும்ல"ம்பாரு. அந்த மனுசனா சொன்ன பேச்சு கேக்காம ஏத்துனாரு? சின்னப்புள்ளயில இது எனக்கு வெளங்கல. வெளங்காமலே நம்புனேன். தெருவே சொல்லும்போது எட்டு வயசுப் புள்ள என்ன செய்யும்.

சரி, அந்தாளப் பத்தித்தான சொல்ல வந்தேன்.

அந்தாளுக்கு ஒரே ஒரு குணந்தான். அடுத்தவன் தப்பக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சா விடக்கூடாது. ரோட்ல போற லாரி நம்பர் பிளேட்ல எழுத்து கோணலா இருந்தா கைய நீட்டி நிப்பாட்டுவாரு. காலண்டர்ல டேங்க் படம் போட்டிருந்தா லென்ச வச்சுப் பாத்து, "அம்புக்குறி சாஞ்சிருக்கு"ன்னு அச்சடிச்சவனுக்கு லெட்டர் எழுதுவாரு. பட்டாளத்து வண்டி நம்பருக்கு முன்னாடி ஒரு அம்புக்குறி இருக்கும், மேல பாத்து. அது அந்தாளுக்கு சாமி மாதிரி.

ஒரு தடவ சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்துல அட்டையில டேங்க் செஞ்சு லாரில ஏத்தி ஊர்வலம் வந்தாக. டிராயிங் வாத்தியாரு ராத்திரி பகலா வரஞ்சது. பாவம், அம்புக்குறியக் கீழ பாத்து வரஞ்சிட்டாரு. தேரடி முக்குல அந்தாளு லாரி முன்னாடி போயி நின்னுக்கிட்டாரு. புள்ளைக எல்லாம் கொடியோட வெயில்ல நிக்கிதுக.

"யாருலே இத வரஞ்சது?"

"நாந்தாங்கய்யா."

"அம்பு கீழ பாத்தா அந்த வண்டி எங்கலே போவும்? பாதாளத்துக்கா?"

"புள்ளைக வெயில்ல நிக்கிதுங்கய்யா. நாளைக்கு மாத்திருதேன்."

"நாளைக்குச் சுதந்திரம் கெடையாது. ஏறு மேல."

வாத்தியாரு லாரில ஏறி அத்தன புள்ளைக முன்னாடியும் அழிச்சு வரஞ்சாரு. எறங்கும்போது கண்ணு கலங்கியிருந்துச்சு. அந்தாளு லென்ச வச்சுப் பாத்துட்டு, "ம், போலாம்"ன்னாரு. நான் பக்கத்துல நின்னு சிரிச்சேன். அதையும் எழுதிருதேன். அன்னைக்கு எனக்கு அது பெருமையா இருந்துச்சு, நம்ம மாமா எம்புட்டுச் சரியான ஆளுன்னு. மாமான்னுதான் கூப்புட்டேன் அந்தாள. அந்த வாய இப்பக் கழுவணும்போல இருக்கு.

என்னையும் விட்டதில்ல. முக்கோணம் ஒரு நூலு சாஞ்சிருந்தா பிளேடால சொரண்டிட்டு, "திரும்ப"ம்பாரு. ஒரே டேங்க்குக்கு ஒரே எடத்துல ஏழு தடவ ஒட்டுனேன் ஒரு நாளு. ஏழாவது தடவ அழுதுட்டேன். "கண்ணுத்தண்ணி அதுமேல விழாம அழு. உப்பு படக்கூடாது"ன்னாரு. ஆனா சாயங்காலமானா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வருவாரு. கண்டக்டர்ட்ட, "நம்ம புள்ள, ராஜபாளையத்துல எறங்குற வரைக்கும் பாத்துக்க"ன்னு சொல்லாம திரும்ப மாட்டாரு. அம்மாவுக்கு நெஞ்சு நோவுன்னப்ப மதுரைக்கு ஆசுபத்திரிக்கு அவரே கூட்டிட்டுப் போனாரு. எங்க வீட்டுக்கு வந்தா அம்மா மோரு குடுப்பாக. குடிச்சிட்டு, கெளம்புறப்ப எப்பவும் அந்த ஒரே பேச்சு: "நான் மனசுல ஒண்ணும் வச்சிக்கிடலத்தா." அம்மாவும், "ஒங்க நல்ல மனசு"ம்பாக.

மூணு வருசம் இப்பிடிப் போச்சு.

ஒரு நாளு வடக்க இருந்து ஒரு ஆபீசரு, தன்னோட டேங்க் மாதிரியே வேணும்னு நாலு போட்டோ அனுப்பியிருந்தாரு. அதப் பாத்து என்னென்ன அடிக்கணும்னு நான் எழுதிக்கிட்டு இருந்தேன். முன்பக்கம் வெளக்குக்குப் பக்கத்துல ஒரு மஞ்ச வட்டம். உள்ள கருப்புல நம்பரு. லென்ச வாங்கிப் பாத்தேன். நாப்பது.

"மாமா, இந்த மஞ்ச வட்டம் நம்ம எதுலயும் ஒட்டலையே?"

திரும்பிக்கூடப் பாக்கல. "அது வேண்டாம்."

"போட்டோல இருக்கே மாமா."

"அது அழுக்கு."

அழுக்குக்குள்ள நாப்பதுன்னு நம்பர் இருக்குமா? அம்புக்குறி கீழ பாத்ததுக்கு ஊர்வலத்த நிப்பாட்டுன ஆளு, இத வேண்டாங்காரு. அன்னைக்கு பாய் கடைக்குப் போயி மூணு வருசமா அந்தாளுக்கு அடிச்ச தாளையெல்லாம் எடுத்துப் பாத்தேன். சேப்பு இருக்கு, வெள்ள இருக்கு, நீலம் இருக்கு. மூணு வருசத்துல அந்தாளு வேலைக்குன்னு நான் மஞ்ச மை டப்பாவ ஒருக்காக்கூடத் தொறக்கல.



வன்னியம்பட்டில ஒருத்தரு இருந்தாரு. அவரும் எங்கப்பா டேங்க்லதான், பீரங்கி சுடுற ஆளு. அவரும் அந்தாளும் ரோட்ல எதிர எதிர வந்தாலும் பேசிக்கிட மாட்டாக. ஏன்னு நான் யோசிச்சதே இல்ல. அவரு டிராக்டருக்குப் பேரு ஒட்ட பாய் கடைக்கு வந்தப்ப போட்டோவ நீட்டுனேன்.

"சித்தப்பா, இந்த மஞ்ச வட்டம் என்னது?"

வெத்தலைய மென்னுக்கிட்டே பாத்தாரு. "இதுவா. பால நம்பரு. இந்த வண்டி எம்புட்டு கனம்னு காட்டுறது. பாலத்துலயும் இதே மாதிரி மஞ்ச போர்டுல நம்பர் போட்டிருக்கும். பாலத்து நம்பர விட வண்டி நம்பர் பெருசா இருந்தா ஏறக் கூடாது. பட்டாளத்துக்குப் போற மொத வாரத்துல சொல்லிக் குடுக்குறது. கைநாட்டுக்குக் கூடத் தெரியும்."

"எங்கப்பா டேங்க்ல எவ்வளவு?"

மெல்றத நிப்பாட்டிட்டாரு.

"நாப்பது."

"அந்தப் பாலத்துல?"

"முப்பது."

"அப்ப எங்கப்பா பாக்கலையா?"

"ஒங்கப்பன் எங்கத்தா பாக்குறது? கீழ மூடிக்கிட்டு உக்காந்துருக்கான். ஒரு சாண் கண்ணாடி வழியாத் தெரியுற ரோடுதான் அவனுக்கு. மேல நிக்கிற கமாண்டர்தான் அவனுக்குக் கண்ணு. போன்னா போகணும், நில்லுன்னா நிக்கணும். எங்க நாலு பேரு காதுலயும் ஒரே வயரு, ஒருத்தன் பேசுனா எல்லாருக்கும் கேக்கும். பாலத்துக்கிட்ட ஒங்கப்பன் தானாவே நிப்பாட்டிட்டான். 'உஸ்தாத், போர்டு பாத்தீகளா, ஏறலாமா'ன்னு கமாண்டரக் கேட்டான். 'ஏறு'ன்னான் இவன். ஒங்கப்பன் திரும்பவும் கேட்டான். 'சுத்திப் போனா இருட்டிரும்லே, தாங்கும், ஏறு'ன்னான். ஏறிட்டான்."

"நிறுத்துன்னு சொன்னதா..."

"சொல்லவே இல்ல."

"நீங்க ஏன் விசாரணைல சொல்லல?"

"நான் அப்பச் சின்னப் பயத்தா. அந்தாளு எங்களுக்கு மேல. 'நிறுத்துன்னு சொன்னேன், இவனும் கேட்டான்'னு என்னையக் காட்டிச் சொன்னான். நான் ஆமா சாப்னேன்." எந்திரிச்சிட்டாரு. "இப்பப் போயி அதக் கிண்டாத. செத்தவன் வரவா போறான்?"

செத்தவன் வர மாட்டான். ஆனா இருக்குறவ கொழாயடில நிக்காளே, அத யாரு பாக்குறது? அவரு டிராக்டர் பேர நான் கோணலாத்தான் ஒட்டிவிட்டேன். வேணும்னேதான்.

அன்னையிலருந்து அந்தாளு வீட்டுக்குப் போகவே எனக்குப் பிடிக்கல. போகாம நிக்கல. போனேன். எனக்கு ஒரு நாளு வேணும்னு காத்திருந்தேன். அந்த நாள அந்தாளே கொண்டாந்து குடுத்தாரு.

பட்டாளத்துல இருந்து வந்தவுக வருசத்துக்கு ஒருக்கா ஒரு கல்யாண மண்டபத்துல கூடுவாக. அந்த வருசம் அந்தாளுக்குப் பொன்னாட போடுறதா ஏற்பாடு. இவுகளுக்கெல்லாம் மேல இருந்த கர்னல் ஒருத்தரு வாராரு, நம்ம தெக்கத்தி ஆளுதான். அவருக்குக் குடுக்க அந்தாளு ஒரு மாடல் செஞ்சாரு. எந்த டேங்க் தெரியுமா? எங்கப்பா செத்த டேங்க். "என் வண்டி. அத்தன வருசம் நான் நின்ன வண்டி"ன்னு சொல்லி அந்த நம்பர என்னையவே அடிக்கச் சொன்னாரு. அந்த நம்பரு எங்கம்மா டிரங்குப் பொட்டில அப்பா செத்த தந்தியோட இருக்கு. எங்கிட்டயே சொல்றாரு.

கடைசியா ஒரு தடவ கேட்டுப் பாப்போம்னு கேட்டேன். "மாமா, இதுலயாச்சும் அந்த மஞ்ச வட்டம்?"

"ஒனக்கு எத்தன தடவட்டி சொல்றது? அதையெல்லாம் எவனும் பாக்க மாட்டான்."

அன்னைக்கே மஞ்ச மை டப்பாவத் தொறந்தேன். காஞ்சு போயிருந்துச்சு, தின்னர் ஊத்திக் கொழச்சேன். ரெண்டே ரெண்டு வட்டம் அடிச்சேன். ஒண்ணு நாப்பது, ஒண்ணு முப்பது.

பொறவு ஆசாரிட்ட போனேன்.

"ஆசாரி, ஒரு பாலம் வேணும்."

"பாலமா? ஆத்துக்கா, ஓடைக்கா?"

"கால்வாய்க்கு. ரெண்டடி நீளம் இருந்தாப் போதும். முன்னாடி ஒரு சின்ன போர்டு நட்டிருக்கணும்."

பீடிய எடுத்துட்டு என் மூஞ்சியப் பாத்தாரு. "எம்புட்டு கனம் தாங்கணும்?"

"தாங்க வேண்டாம்."

நாலு நாள்ல செஞ்சு சாக்குல சுத்திக் குடுத்தாரு.

விழா அன்னைக்கு டேங்க்க அந்தாளு லென்சு வச்சு மூணு தடவ பாத்து, துணியப் போட்டு மூடி, மேடையில வைக்கிற பொறுப்ப எனக்கே குடுத்துட்டாரு. அம்புட்டு நம்பிக்க. நான் மண்டபத்துப் பின்கட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். சாம்பார் வேகுது. சமையக்காரர்ட்ட, "அண்ணே, ஒரு டம்ளர் தண்ணி"ன்னேன்.

"குடிக்கவாத்தா? பானையில மோந்துக்க."

"குடிக்க இல்லண்ணே. ஒட்ட."

தக்காளிக் கூடைக்குப் பின்னாடி உக்காந்து ரெண்டு வட்டத்தையும் தண்ணில போட்டேன். கழண்டு வந்துச்சு. நாப்பத டேங்க் முன்னாடி வெளக்குக்குப் பக்கத்துல வச்சேன். முப்பதப் பாலத்து போர்டுல வச்சேன். மூணு வருசத்துல நான் அம்புட்டு நேரா ஒட்டுனதே இல்ல. மேடைக்குக் கொண்டு போயி பாலத்த மேச மேல வச்சு, டேங்க்க அதுமேல ஏத்தி, துணியப் போட்டு மூடிட்டேன்.

அந்தாளு மைக்குல பேசுறாரு. "இது என் சொந்த வண்டி. இதுல ஒரு புள்ளி தப்பிருந்தாலும் சொல்லுங்க. இங்கயே சொரண்டுறேன்." எல்லாரும் கை தட்டுறாக. கர்னல் துணிய எடுத்தாரு.

பின்னாடி இருந்த பொம்பளைக, புள்ளைகதான் ரொம்ப நேரம் தட்டுனது. முன் வரிசையில தட்டுன கை ஒண்ணொண்ணா நின்னுச்சு. ரெண்டு பேரு எந்திரிச்சுக் கிட்ட வந்து பாத்துட்டு, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தாக. அந்த மண்டபத்துல பேப்பர் படிக்கத் தெரியாத ஆளுக்குக் கூட அந்த ரெண்டு மஞ்ச வட்டத்தப் படிக்கத் தெரியும். நாப்பது நம்பர் வண்டி முப்பது நம்பர் பாலத்துல நிக்கிது.

கர்னல் குனிஞ்சாரு. "இது கால்வாய்ல விழுந்த வண்டிதான?"

அந்தாளு அப்பத்தான் பாத்தாரு. லென்சு தேவைப்படல. மூஞ்சியில ரத்தமே இல்ல. "சாப், தப்பா ஒட்டிருக்கு சாப்"ன்னாரு.

"எது தப்பு? நாப்பதா, முப்பதா?"

நாப்பது தப்புன்னா அங்க இருக்குற அத்தன டேங்க்காரனும் சிரிப்பான். முப்பது தப்புன்னா, போர்டப் பாத்துச் சொல்ல வேண்டியது கமாண்டருதானேன்னு கேள்வி வரும். அந்தாளு பையில இருந்து பிளேட எடுக்கல, நேரா கட்ட வெரலால டேங்க்ல இருந்த வட்டத்த அழிக்கப் போனாரு. ஈரம் காயல. வெரலோட வழுக்கிக்கிட்டே போச்சு. வெளக்குல இருந்து சக்கரத்துக்கு, சக்கரத்துல இருந்து பாலத்துக்கு. அழியல. நாப்பதுங்கிறது கோணலா அந்தாளு வெரலுக்கடியில கெடக்கு, எல்லாரும் பாக்குறாக.

"கைய எடு"ன்னாரு கர்னல். "இத ஒட்டுனது யாரு?"

"நாந்தான். டிரைவர் மக"ன்னேன்.

வன்னியம்பட்டிக்காரரு மூணாவது வரிசையில இருந்தாரு. எந்திரிச்சு வெளிய போனாரு. சரி, ஓடிட்டாருன்னு நெனச்சேன். வெத்தலையத் துப்பிட்டுத் திரும்ப வந்து, கைய ஒடம்போட ஒட்டி வச்சு நேரா நின்னு சொன்னாரு: "டிரைவரு ரெண்டு தடவ கேட்டான் சாப். இவருதான் ஏறுன்னு சொன்னாரு சாப். நான் பொய் சொல்லிட்டேன்."

அந்தாளு மேடையிலயே உக்காந்துட்டாரு. பொன்னாட மடிச்ச மடிப்போட தட்டுல இருந்துச்சு. யாரும் எடுக்கல. சாப்பாட்டுக்கு அந்தாளு பக்கத்து எலையில யாரும் உக்காரல. நான் உக்காந்து நல்லாச் சாப்புட்டேன். ரெண்டு தடவ பாயசம் வாங்கிக் குடிச்சேன். கர்னல், "மேலிடத்துக்கு நான் எழுதுறேம்மா"ன்னாரு. எழுதுனாரோ என்னமோ, எங்களுக்கு ஒண்ணும் வரல.

வீட்டுக்கு வந்தேன். அம்மா அப்பக் கொஞ்ச நாளாவே படுத்த படுக்கை. மில்லுப் பஞ்சு பூரா நெஞ்சுல ஏறி, ரெண்டு வார்த்த பேசுனா மூச்சு வாங்கும். மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். அழுவாகன்னு நெனச்சேன். அழல. கண்ண மேலயே வச்சிக்கிட்டு, "எத்தன பேரு பாத்தாக?"ன்னாக.

"நூறு நூத்தம்பது பேரு இருக்கும்மா."

"பத்தாது." மூச்ச இழுத்துக்கிட்டு, "நம்ம தெருவுல ஒருத்திக்குந் தெரியாதே"ன்னாக.

அதுக்குப் பொறவு இருவது நாளுதான் அம்மா இருந்தாக. நான் தெருவுல சொல்லிப் பாத்தேன். "பெத்த அப்பனுக்கு மக பரிஞ்சு சொல்லாம யாரு சொல்லுவா"ன்னு ஒருத்தி சொல்லிட்டுக் கொடத்தத் தூக்கிட்டுப் போயிட்டா.

அம்மாவ வாசல்ல கெடத்தியிருந்தோம். பந்தலு போட்டு, கொட்டு அடிச்சிக்கிட்டு இருந்தாக. தெரு பூரா நிக்கிது. அப்ப அந்தாளு மாலையோட வந்தாரு. சவரம் பண்ணல, ஆளு பாதியாப் போயிருந்தாரு. எல்லாரும் வழி விட்டாக. நான் போயி முன்னாடி நின்னுக்கிட்டேன்.

"அங்கேயே நில்லுங்க."

"ஏ புள்ள, சாவு வீட்டுக்கு வந்தவுகள நிப்பாட்டக் கூடாதுட்டி"ன்னு பின்னால இருந்து எங்க பெரியம்மா கத்துறாக. நான் திரும்பல. கொட்டடிக்கிறவரப் பாத்து, "அண்ணே, செத்த நிப்பாட்டுங்க"ன்னேன். நின்னுச்சு.

"பாலத்துல ஏறுன்னு சொன்னது யாரு?"

வாய்க்குள்ளயே என்னமோ சொன்னாரு.

"கேக்கல. கொழாயடி வரைக்கும் கேக்கணும்."

அந்தாளு அம்மாவப் பாத்தாரு. பொறவு தெருவப் பாத்துத் திரும்பி, டேங்க் மேல நின்னு கத்துவாருபோல, அந்தக் கொரல்ல சொன்னாரு. "நாந்தான். ஏறுன்னு சொன்னது நாந்தான். டிரைவரு நிப்பாட்டுனான். ரெண்டு தடவ கேட்டான். நாந்தான் ஏறச் சொன்னேன். அவன் மேல தப்பில்ல."

கொழாயடிப் பொம்பளைக முந்தானைய வாயில வச்சிக்கிட்டாளுக. தண்ணி கொடத்துல நெறஞ்சு வழிஞ்சு ஓடுது, நிப்பாட்ட ஆளில்ல.

அந்தாளு கண்ணத் தொடச்சிட்டு மாலையப் பிரிச்சிக்கிட்டே ஒரு எட்டு வச்சாரு. நான் வெலகல.

"சொல்லிட்டேன்லத்தா. மாலையப் போட விடு."

"சொன்னா விடுதேன்னு நான் சொல்லவே இல்லையே"ன்னேன்.